அடுப்படிக் கேள்விகள்: இந்த முறை பருப்பு மட்டும்

போன இதழில் மீன் சொதியைப் பற்றி எழுதும்போது, "மீன் வாங்கக் காசில்லாத நாளில் பருப்பு இருக்கிறதுதானே" என்று ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இப்போது என் மேசையில் கிடக்கின்றன. பருப்பு சமைக்கத் தெரியாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். வெறுமனே பருப்பு என்று நான் சொன்னால் அது மைசூர்ப் பருப்புத்தான், மற்றவற்றைப் பெயர் சொல்லியே சொல்கிறேன்.

மாமி, நான் வந்தாறுமூலையில் படிக்கிறேன். வெளியே அறை எடுத்து மூன்று பேர் இருக்கிறோம். ஒரு றைஸ் குக்கர், ஒரு தாச்சி, ஒரு சின்ன மின் அடுப்பு, அவ்வளவுதான் எங்கள் குசினி. மாதக் கடைசி வந்தால் பருப்புத்தான். குக்கரில் போட்டால் பொங்கி வழிந்து மேசையெல்லாம் மஞ்சள், அடியில் பிடிக்கிறது, ஏழு நாளும் ஒரே ருசி. எவ்வளவு வாங்குவது, எப்படிச் சமைப்பது என்று முதலில் இருந்து சொல்லுங்கள்.

மகன், முதலில் கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் அளவு போதும். மூன்று பேருக்கு 150. ஒரு கிலோ வாங்கினால் மூன்று பேரும் ஆறு நேரம் சாப்பிட்டு மிச்சமும் இருக்கும். விலையை நான் எழுதவில்லை, எழுதினால் இந்தப் புத்தகம் உன் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த ஒரு கைப்பிடியில் கிட்டத்தட்ட 12 கிராம் புரதம் இருக்கிறது, இரண்டு முட்டையில் இருக்கிற அளவு. சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும்போது சோற்றில் குறைவதைப் பருப்பும் பருப்பில் குறைவதைச் சோறும் ஈடுசெய்யும். ஆகவே பருப்பும் சோறும் தின்கிறோமே என்று வீட்டுக்குப் போன் எடுத்து அழ வேண்டாம்.

இனி உன் குக்கர். அதற்குச் சோறு வெந்தது தெரியும், பருப்பு வெந்தது தெரியாது. தண்ணீர் எல்லாம் வற்றி அடி கொதிநிலைக்கு மேலே சூடானால்தான் அதன் சுவிச் எழும்பும். பருப்பில் தண்ணீர் அப்படி வற்றுவதில்லை, குழம்பாகி அடியில் உட்கார்ந்துகொள்ளும், சுவிச் எழும்பும்வரை காத்திருந்தால் கருகல் வாசம்தான் வரும். மணிக்கூட்டைப் பார்த்துச் சமை. கொதி வந்ததில் இருந்து 15 நிமிடம், அதற்குமேல் போக வேண்டியதில்லை, நீயே நிறுத்து. நுரை வருவது பருப்பின் புரதத்தாலும் மாவுத்தன்மையாலும். கெட்டது ஒன்றுமில்லை, அகப்பையால் எடுத்து ஊற்றிவிடலாம். ஆனால் கழுவாமல் போட்டால் அது இரண்டு மடங்காகும். தண்ணீர் பால்போலக் கலங்கி வரும்தானே, அது தெளியும்வரை மூன்று நாலு தரம் கழுவு. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதே, நாலைந்து துளி எண்ணெய் விடு, மூடியைச் சரித்து வை. இவ்வளவும் செய்தால் மேசை தப்பும்.

அளவு: எந்தப் பேணியால் பருப்பை அளந்தாயோ அதே பேணியால் மூன்று பேணி தண்ணீர். அதோடு கொஞ்சம் மஞ்சள், இரண்டு பல்லு உள்ளி, கீறின பச்சைமிளகாய். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஆகாயத்துக்குப் போனபோது நாங்கள் மஞ்சள் இல்லாமலும் பருப்பு சமைத்தோம், நிறம் கொஞ்சம் வெளிறியிருந்ததே தவிர ஒருவரும் கோப்பையைத் தள்ளிவைக்கவில்லை.

ஏழு நாளும் ஒரே ருசி என்கிறாயே, அதற்குக் காரணம் நீங்கள் அவித்த பருப்பு முழுவதையும் ஒரே கறியாக்குவது. அவித்து முடிந்ததும், தேங்காய்ப்பால் விடமுதல், பாதியை வேறு சட்டியில் எடுத்து வை. பகலுக்கு ஒரு பாதிக்குப் பால் விட்டுக் கறியாக்கு. இரவுக்கு மற்றப் பாதியைத் திரும்பக் கொதிக்க வைத்து, ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டு இறக்கி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் கடுகும் தாளித்துக் கொட்டு. முருங்கையிலைக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை, பக்கத்து வளவில் கேட்டால் கிளையோடு முறித்துத் தருவார்கள். இன்னொரு நாள் பூசணித் துண்டு, இன்னொரு நாள் தக்காளியும் மிளகும். பால் விட்ட பருப்பு நம் ஊர் வெக்கையில் பகல் தாண்டாது, பால் விடாதது இரவுவரை நிற்கும். உங்களிடம் பிரிஜ் இல்லை, ஆகவே அதையும் மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

தேங்காய் திருவ வசதியில்லை என்றால் பால்மாப் பைக்கற்றில் இரண்டு கரண்டி கரைத்து விடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் உங்கள் அறையிலும் இருக்கும். தேயிலைச் சாயம் பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது, ஒரு மணித்தியாலம் போகட்டும். அதற்குப் பதிலாகக் கறியில் பாதித் தேசிக்காயைப் பிழி, அது இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். இறக்கியபிறகு பிழி, முதலே அல்ல, ஏன் என்று அடுத்த கடிதத்தில் வருகிறது.

அக்கா, நான் வவுணதீவுப் பக்கம். மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். சோறு வைக்கப் பழகிவிட்டேன், முட்டை பொரிப்பேன், பருப்புத்தான் சரிவருகுதில்லை. ஒருநாள் பசை மாதிரி, ஒருநாள் தண்ணி ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம். நேற்று மூத்தவள் "இது அம்மாட பருப்பு இல்லை" என்று சொல்லிச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டாள். கடையில் வாங்கிக் கொடுக்க ஒவ்வொரு நாளும் கட்டாது. எங்கே பிழை விடுகிறேன்?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் பருப்பு எப்படிப் பசையானது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கல்யாணம் முடித்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். அதற்கும் மேலே, ருசியாக இருக்கட்டும் என்று தேசிக்காய்ப் புளியைப் பச்சைப் பருப்பிலேயே விட்டேன். ஒரு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் சில பருப்பு மணல்போல் நின்றது, சில கரைந்துபோனது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

புளிப்பு எதுவானாலும், தேசிக்காயோ தக்காளியோ பழப்புளியோ, பருப்பு வெந்தபிறகுதான். புளிப்பு பருப்பின் உடலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மென்மையாக விடாது. உப்பை முதலில் போட்டால் வேகாது என்று பலர் சொல்வார்கள், அது அவ்வளவு உண்மையில்லை, ஆனாலும் தண்ணீர் வற்றிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாத ஆள் முதலே உப்புப் போட்டால் கடைசியில் கரிக்கும். அதனால் நீங்களும் பின்னுக்கே போடுங்கள்.

நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் மூன்று பேருக்குப் பால்பேணியால் முக்கால் பேணி பருப்பு காணும், காலையில் செய்தது பகலுக்கும் வரும். கழுவி, முடிந்தால் அரைமணித்தியாலம் தண்ணீரில் விடுங்கள். நீங்கள் பிள்ளைகளைக் குளிக்கவார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் நேரத்தில் அது பாட்டுக்கு ஊறும். மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, மஞ்சள், அரிந்த வெங்காயத்தில் பாதி, பச்சைமிளகாய் ஒன்று (ஐந்து வயதுக்காரருக்கு ஒன்றே போதும், கீறாமல் முழுதாகப் போடுங்கள்), ஒரு துண்டு ரம்பை, கறிவேப்பிலை. கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். இனி அகப்பையைத் தூக்கி வைத்துவிடுங்கள். நீங்கள் பசை காய்ச்சியது அகப்பையால்தான். வேகும் பருப்பைக் கிண்டக் கிண்ட அது உடைந்து மாவு கழன்று கூழாகும்.

செம்மஞ்சளாக இருந்த பருப்பு வெளிர்மஞ்சளாக மாறத் தொடங்கும். அப்போது ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். நடுவில் கடுகு முனையளவு ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம். ஒன்றும் தட்டாமல் வெண்ணெய்போல் நசிந்தால், ஆனால் நசுக்கும்வரை முழு உருவத்தோடு நின்றால், அதுதான் நேரம். மணிக்கூட்டை மட்டும் நம்ப வேண்டாம், பழைய பருப்பு ஊறினாலும் சுணங்கும், புதிது பத்து நிமிடத்தில் முடியும்.

இப்போது பால். உங்கள் மகள் சொல்கிற "அம்மாட பருப்பு" இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அரைத் தேங்காய் திருவி, கைபொறுக்கிற சூட்டில் அரைப் பேணி தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதல்பால், அதைத் தனியே வையுங்கள். அதே பூவில் இன்னும் ஒரு பேணி விட்டுப் பிழிந்தால் கப்பிப்பால். வெந்த பருப்பில் முதலில் கப்பிப்பாலும் உப்பும், ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். அது கொஞ்சம் இறுகி வரும்போது முதல்பால், விட்டதும் நெருப்பை இன்னும் குறைத்து, அகப்பையை அடியோடு மெல்ல ஒருதரம் துழாவி, ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும், அதுதான் நீங்கள் சொன்ன "தண்ணி ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம்". இறக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் தண்ணியாகத்தான் தெரியும். தெரியட்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சரியான பதத்தில் இருக்கும், ஆற ஆறப் பருப்பு தானாக இறுகும். அடுப்பிலேயே சரியான பதம் வரவேண்டும் என்று காத்திருக்கிற எல்லோரும் பசையைத்தான் சாப்பிடுகிறார்கள்.

கடைசியாகத் தாளிதம். தாச்சியில் இரண்டு கரண்டி எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு கடுகு, அது வெடித்து அடங்கியதும் சீரகம், பிறகு மிச்ச வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமாகும்போது பருப்பில் கொட்டி, உடனே மூடுங்கள். "ஸ்ஸ்" என்ற சத்தம் வர வேண்டும், வராவிட்டால் எண்ணெய் ஆறிவிட்டது என்று அர்த்தம். மூடி ஐந்து நிமிடம் திறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் மகள் முகத்தைத் திருப்பினால், மனைவி கோல் எடுக்கும்போது கேளுங்கள். "நீ பருப்புக்கு என்ன போடுகிறாய்" என்று கேட்டால் "ஒன்றும் போடுகிறதில்லை, சும்மா பருப்புத்தான்" என்பார். எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வோம், கை தானாகப் போடுகிறது வாய்க்கு வராது. அதனால் அப்படிக் கேட்காமல், "மாசிக் கருவாடு இடித்துப் போடுவாயா, உள்ளி தட்டியா முழுதாகவா, பெருஞ்சீரகம் உண்டா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏதோ ஒன்றில் "ஓம் ஓம், அது கொஞ்சம்" என்பார். அதுதான். எனக்கும் எழுதுங்கள், அது என்னவென்று அறிய ஆசையாக இருக்கிறது.

கல்முனையில் இருந்து: கடலையை இரவு முழுக்க ஊறவிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவித்தும் கல்லாகவே நிற்கிறது. காஸ்தான் முடிகிறது. கடை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

கடை மாற்றியும் அப்படித்தான் என்றால் உங்கள் கிணற்றைப் பாருங்கள். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கிறதா? இருந்தால் உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. அது கடலையின் தோலை இறுக்கிவிடும். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. குழாய்த் தண்ணீர் வருமென்றால் ஊறவிடவும் அவிக்கவும் அதை எடுங்கள், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் வழியில்லை என்றால் ஊறவிடும் தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். சிட்டிகை என்றால் சிட்டிகை, கரண்டியால் போட்டால் கடலை சவர்க்காரம்போல் வழவழக்கும், சத்தும் போகும். சந்தையில் பல மாதம் கிடந்த பழைய கடலையும் வேகாதுதான், அதற்குச் சோடா போட்டும் பெரிய பலனில்லை.

காஸ் மிச்சம் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பழகியது, இப்போதும் விடவில்லை. இது கடலைக்குச் சரிவராது, பருப்புக்கும் உடைத்த பயற்றுக்கும்தான். பருப்பு எட்டு நிமிடம் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, இறுக்கமான மூடியால் மூடி, பழைய துவாயால் சட்டியைச் சுற்றி வைத்துவிடுங்கள். அரைமணித்தியாலத்தில் அந்தச் சூட்டிலேயே வெந்திருக்கும். கனமான சட்டியாக இருக்க வேண்டும், தகரம் போன்ற மெல்லிய சட்டியில் சூடு நிற்காது.

சம்மாந்துறையில் இருந்து: ராத்தா, நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பி அரைமணித்தியாலத்தில் சோறும் ஒரு கறியும் ஆக வேண்டும். இரவே பருப்பு சமைத்து வைத்தால் விடியமுதல் புளித்துவிடுகிறது.

பாலோடு வைத்தால் புளிக்கத்தான் செய்யும் தங்கச்சி. இரவு படுக்கமுதல் வெங்காயம், மிளகாய், உள்ளி வெட்டி மூடி வை, பருப்பைக் கல் பார்த்துக் காயவே எடுத்து வை. எழும்பினதும் முதல் வேலை பருப்பைக் கழுவிச் சுடுதண்ணீரில் போடுவது, அடுத்தது சோற்றை அடுப்பில் வைப்பது. சோறு பாதி வேகும்போது பருப்பு ஊறியிருக்கும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். பாலுக்குப் பால்மா கரைத்து விடு, அந்த நேரத்தில் திருவலையோடு உட்கார வேண்டாம். உப்பையும் உறைப்பையும் குறை, பகலில் தாகம் எடுக்கும்.

அக்கரைப்பற்றில் இருந்து: பருப்பு விலை ஏறும்போதெல்லாம் பயறும் கௌப்பியும் வாங்கச் சொல்கிறார்கள். அவை பருப்புக்கு ஈடாகுமா? எனக்குச் சமைக்கவும் தெரியாது.

ஈடு என்ன, என்னைக் கேட்டால் பயறுதான் மேலே. மைசூர்ப் பருப்பு இங்கே விளைகிறதில்லை, கப்பலில் வருகிறது, டொலர் ஏறினால் பருப்பும் ஏறும். பயறும் கௌப்பியும் உங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே விளைகின்றன, அறுவடை நேரத்தில் தெரிந்த வயற்காரரிடம் நேரே வாங்கினால் கடை விலையைவிடக் குறையும். சமைக்க ஒன்றுமே தெரியாதவர் தொடங்க வேண்டியதும் பயற்றில்தான், ஏனென்றால் அதில் கெடுக்க ஒன்றுமில்லை. இரவு ஊறவிட்ட பயற்றை உப்புப் போட்டு அவித்து, தண்ணீரை வடித்து, தேங்காய்ப்பூ ஒரு பிடி கலந்து, கட்டச் சம்பலோடு காலையில் சாப்பிடுங்கள். அவ்வளவுதான் சமையல். கௌப்பியும் அப்படியே, கொஞ்சம் கூட நேரம் எடுக்கும்.

கறியாக்க வேண்டுமென்றால் பயற்றை வெறும் தாச்சியில் வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, சுளகில் புடைத்துக் கோதைப் போக்கி, மேலே சொன்ன பருப்புக்கறி போலவே வையுங்கள். வறுத்த பயற்றின் வாசம் வந்தபிறகு மைசூர்ப் பருப்பு உங்களுக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வாழைச்சேனையில் இருந்து: பருப்பு, கடலை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. வயது 63. நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம் அண்ணன். ஊறவிட்ட தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் அவியுங்கள், இஞ்சியும் உள்ளியும் கூடப் போடுங்கள், கொஞ்சமாகத் தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் கூட்டுங்கள், வயிறு பழகிவிடும். தோலில்லாத பருப்பு கடலையைவிடச் சுகம். வலியும் இருந்தால் வைத்தியரிடம் போங்கள், எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஆரையம்பதியில் இருந்து: மலிவாகக் கிடைக்கிறது என்று ஐந்து கிலோ கௌப்பி வாங்கினேன். வண்டு குத்திவிட்டது.

ஐந்து கிலோ ஒரு வீட்டுக்குக் கூடத்தான். நல்ல வெயிலில் பாயில் பரப்பி இரண்டு நாள் காயவிட்டு, புடைத்து, முழுவதும் ஆறியபிறகு மூடியிறுகிய வாளியில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் வரும், வண்டே பரவாயில்லை என்று ஆகிவிடும். வாளிக்குள் நாலு செத்தல் மிளகாய் போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரேயடியாகத் துளைத்துப்போனதை மட்டும் கோழிக்குப் போடுங்கள்.

திருக்கோவிலில் இருந்து, ஏழாம் ஆண்டு மாணவி: மைசூர்ப் பருப்பு மைசூரில் இருந்தா வருகிறது? அப்பாவுக்கும் தெரியவில்லை.

இல்லை மகள். நாம் சாப்பிடுகிற பருப்பு பெரும்பாலும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் கனடாவில் இருந்தும் வருகிறது. இந்தியில் இதற்கு "மசூர்" என்று பெயர், அது நம் வாயில் மைசூர் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், அப்பாவிடம் கேட்டுப் பார். விஞ்ஞானப் பாடத்தில் குவிவு வில்லை படிப்பாய், அதை ஆங்கிலத்தில் லென்ஸ் என்பார்கள்தானே, அந்த லென்ஸ் என்பது இந்தப் பருப்பின் லத்தீன் பெயர். கண்ணாடி வில்லை பருப்பின் வடிவத்தில் இருந்ததால் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். கடையில் இருப்பது தோல் நீக்கி உடைத்த பாதி, அதனால் ஒரு பக்கம்தான் புடைத்திருக்கும். தோலோடு முழுப் பருப்பு எங்காவது கிடைத்தால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்.